மத்திய அலையின் மறைவும் ஊர்க்குரலும்: குச்சவெளியை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

இலங்கைத் தமிழ் வானொலி பற்றி நம்மிடையே வெளிவரும் எழுத்துக்களிற் பெரும்பாலானவை நினைவு மீட்டல்களாகவே அமைந்துள்ளன. இலங்கை வானொலியின் புகழ்பெற்ற அறிவிப்பாளர்கள், அவர்களின் உச்சரிப்புச் செம்மை, கடல் கடந்து தமிழகத்திலும் அவர்களுக்கிருந்த நேயர் திரள் ஆகியனவே அவ்வெழுத்துக்களின் பொருளாகின்றன. இவை ஆவணப் பெறுமதி உடையனவே. ஆயினும், வானொலி என்ற வெகுசனத் தொடர்புச் சாதனத்தைச் சமூக உறவுகளுள் வைத்து நோக்கும் திறனாய்வு முயற்சி இவற்றினால் நிறைவேறுவதில்லை. ஒலித்த குரலைப் பற்றி நிறையப் பேசிய நாம், ஒலிக்காது போன குரல்களைப் பற்றிப் பேசவில்லை.

உலகின் பல பாகங்களிலும் சிறிய உள்ளூர் மத்திய அலை நிலையங்கள் மறைந்து வருகின்றன. வீச்சுப் பண்பேற்ற முறையில் இயங்கிய அந்நிலையங்களின் இடத்தைப் பண்பலையும் இணையமும் கைப்பற்றியுள்ளன. இம்மறைவைத் திருகோணமலை மாவட்டத்தின் வடகரையிலுள்ள குச்சவெளிப் பிரதேசத்தில் நின்று நோக்கும்போது பிரச்சினை வேறொரு வடிவம் பெறுகின்றது. அங்கு மத்திய அலைப் பரப்பி ஒன்று இருந்தது. அதுவும் ஆசியாவின் பெரும் பரப்பிகளுள் ஒன்றாக இருந்தது. ஆனால் அது குச்சவெளியின் வானொலியாக ஒருபோதும் இருந்ததில்லை. மறைந்தது எது, முதலிலிருந்தே இல்லாதிருந்தது எது என்ற வேறுபாட்டைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி, திரியாய், புல்மோட்டை எனத் தெற்கிலிருந்து வடக்காக நீளும் இக்கரையோரம் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் வாழும் பிரதேசம். மீன்பிடியும் நெற்செய்கையும் இங்குள்ளோரின் அடிப்படைத் தொழில்கள். கரைவலை இழுப்போர், வள்ளங்களிற் செல்வோர், பருவந்தோறும் மேற்குக் கரையிலிருந்து வந்து வாடி அமைத்துத் தங்குவோர் எனக் கடலை நம்பி வாழும் மக்கள் கூட்டம் ஒன்று இங்குண்டு. புல்மோட்டையின் கனிய மணல் ஒரு தொழிற்றுறையையும் உருவாக்கியது.

இப்பிரதேசத்தின் தென்பகுதிக் கரையோரத்திலேயே ஜேர்மனியின் அயல்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான டொச்ச வெல்ல தனது அஞ்சல் நிலையத்தை நிறுவி 1984இல் இயக்கத் தொடங்கியது. ஒவ்வொன்றும் 250 கிலோவாட் வலுவுள்ள சிற்றலைப் பரப்பிகளோடு, 1548 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கிய பெருவலு மத்திய அலைப் பரப்பியும் அங்கிருந்தது. தென்னாசியாவும் அதற்கப்பாலுள்ள நாடுகளும் அதன் இலக்கு. குச்சவெளி அதன் இருப்பிடமேயன்றி இலக்கன்று.

இத்தகைய நிலையத்துக்குக் கடற்கரை தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு வலுவான தொழினுட்பக் காரணம் உண்டு. மத்திய அலையின் தரையலை, மின்கடத்தும் தன்மை மிக்க உப்புநீரின் மேற் செல்லும்போது நிலத்தின் மேற் செல்வதைக் காட்டிலும் பன்மடங்கு தூரம் வலுக்குன்றாது செல்லும். இரவிலோ, பகலில் அவ்வலையை உறிஞ்சிக்கொள்ளும் அயனமண்டலத்தின் கீழ்ப்படை மறைந்துவிட, மேற்படையிற் பட்டுத் தெறிக்கும் வானலை நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வந்திறங்கும். கடலின் இவ்வியல்பு குச்சவெளி மீனவனுக்கும் பயன்பட்டிருக்கக்கூடியது. ஆழ்கடலில் இரவிற் தொழில் செய்யும் ஒருவனுக்குச் சிறு மின்கலப் பெட்டி மூலம் கரையின் செய்தியைக் கொண்டு சேர்க்க மத்திய அலையை விடப் பொருத்தமான மலிவான சாதனம் அக்காலத்தில் இருக்கவில்லை. ஆயின் அக்கடலின் இயல்பு அயல்நாட்டு ஒலிபரப்பின் தேவைக்குப் பயன்பட்டதேயன்றி, அக்கடலில் உழைத்தவனின் தேவைக்குப் பயன்படவில்லை.

இது தற்செயலானதன்று. இலங்கையில் வானொலி வளர்ந்த வரலாற்றோடு இது இசைந்து செல்கின்றது. 1923இல் தந்தித் திணைக்களத்தின் பரிசோதனையாகத் தொடங்கி, 1925 டிசம்பரில் முறையான ஒலிபரப்பாகிய கொழும்பு நிலையம் குடியேற்ற ஆட்சியின் நகரத்து வாழ்வைச் சார்ந்திருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் ஏக்கலையில் நிறுவிய இராணுவ வானொலியே 1949இல் இலங்கையரசின் கைக்கு வந்து, பின்னாளில் ஆசியாவெங்கும் அறியப்பட்ட வர்த்தக ஒலிபரப்புக்கு அடித்தளமாயிற்று. போரின் தேவைக்கு எழுந்த பரப்பி வர்த்தகத்தின் தேவைக்கு மாறியது. இரண்டுக்கும் பொதுவானது, குரல் ஒரு மையத்திலிருந்து புறப்பட்டு வெளியே செல்வது. வெளியிலிருந்து மையத்துக்குத் திரும்பி வராதது.

திருகோணமலைத் துறைமுகத்தின் கேந்திர முக்கியத்துவம் இதற்கு மேலும் ஒரு பரிமாணத்தைச் சேர்த்தது. 1987 யூலை 29ஆம் திகதி இந்திய - இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் துறைமுகமும் எண்ணெய்க் குதங்களும் மட்டுமன்றி, இலங்கையிலுள்ள அயல்நாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களின் வசதிகளும் இடம்பெற்றன. அவை இராணுவ, உளவு நோக்கங்களுக்கன்றிப் பொது ஒலிபரப்புக்கே பயன்படுவதை உறுதிசெய்யும் வகையில் அந்நிறுவனங்களுடனான உடன்பாடுகள் மீளாய்வு செய்யப்படும் என அதிற் கூறப்பட்டது. அரசுகள் அலைக்கோபுரத்தைக் கேந்திரப் பொருளாகக் கண்டன. அதன் நிழலில் வாழ்ந்த ஊருக்கு ஒலிபரப்பில் ஏதும் உரிமை உண்டா என்ற வினா எந்தக் கடிதத்திலும் எழவில்லை.

2010களின் தொடக்கத்தில் டொச்ச வெல்ல சிற்றலை, மத்திய அலை ஒலிபரப்பிலிருந்து பெரிதும் விலகியபோது இந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது. வந்தபோதும் விலகியபோதும் தீர்மானம் வேறிடத்திலேயே எடுக்கப்பட்டது.

3

அவ்வாறாயின் குச்சவெளி போன்ற ஓர் ஊர் தமிழ் வானொலியில் எங்கே ஒலித்தது? இவ்வினாவுக்கு விடைகாண நாம் வானொலியின் 'உயர்ந்த' இலக்கிய வடிவங்களை மட்டும் நோக்கினாற் போதாது.

வானொலி நாடகத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' தொடங்கிப் பல தொடர்கள் ஈழத்துப் பேச்சுத்தமிழை ஒலிவாங்கியின் முன் கொண்டுவந்து நிறுத்தின. இது சிறிய சாதனையன்று. எழுத்துத் தமிழே வானொலித் தமிழ் என்றிருந்த நிலையை இந்நாடகங்கள் உடைத்தன. ஆயினும் அவ்வாறு அங்கீகாரம் பெற்ற பேச்சுத்தமிழ் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துப் பேச்சுத்தமிழாகவே இருந்தது. பின்வந்த 'கோமாளிகளின் கும்மாளம்' வெவ்வேறு வழக்குகளைப் பேசும் பாத்திரங்களை ஒன்றுசேர்த்துப் பெருவெற்றி பெற்று, 1976இல் 'கோமாளிகள்' எனத் திரைப்படமுமாயிற்று. பிரதேச வழக்கு அங்கே நகைச்சுவைக்குரிய வேறுபாடாகவே பயன்பட்டது. ஒரு பிரதேசம் தன் வாழ்வைத் தானே சிந்திக்கும் மொழியாக அன்று. கிழக்குக் கரையின் முஸ்லிம் மீனவனோ திரியாயின் கமக்காரனோ தனது வழக்கிலேயே தன் பிரச்சினையைப் பேசும் நாடகம் தமிழ் வானொலியின் மைய மரபாக வளரவில்லை.

இசை நிகழ்ச்சிகளிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல்கள் 'கிராமிய இசை' என்ற பகுப்பினுள் அடங்கின. உழைப்போடு பிணைந்து, வலையின் கனத்துக்கேற்ப வேகம் மாறும் அப்பாடல் கலையகத்துக்குள் வரும்போது உழைப்பை இழந்து மாதிரிப் பொருளாகிவிடுகின்றது.

இவற்றுக்கு மாறாக, எந்த இலக்கிய வரலாற்றிலும் இடம்பெறாத இரு வடிவங்களில் ஊரின் பெயர் நாள்தோறும் ஒலித்தது. ஒன்று நேயர் விருப்பம். மற்றையது மரண அறிவித்தல்.

நேயர் விருப்பத்தில் ஊரின் பெயர் பாடலுக்கு முன்னே வரும் ஒரு சொல் மட்டுமே. ஆயினும் தபாலட்டையில் எழுதப்பட்ட ஊர்ப்பெயர் கொழும்பிலிருந்து திரும்பி வந்து காதில் விழும் கணத்தில், தேசத்தின் வரைபடத்தில் தன் ஊரும் உள்ளதென்ற உணர்வு நேயருக்குக் கிட்டியது. அவ்வுணர்வு பொய்யன்று, ஆனால் அது அடையாளத்தின் அங்கீகாரமேயன்றிப் பங்குபற்றலன்று. பாடல் தென்னிந்தியாவிலிருந்தும் குரல் கொழும்பிலிருந்தும் வந்தன. ஊரிலிருந்து சென்றது பெயர் மட்டுமே.

மரண அறிவித்தல் இதைவிட ஆழமான வடிவம். வானொலித் தமிழின் மிக இறுக்கமான உரைநடை அதுவே எனலாம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, உறவுமுறைகளை வரிசைப்படுத்தி, இறுதிக் கிரியையோ நல்லடக்கமோ நிகழும் இடத்தையும் நேரத்தையும் கூறி முடியும் அவ்வடிவத்தில் அலங்காரத்துக்கு இடமில்லை. கட்டணம் செலுத்தி வாசிக்கப்படுவதாதலின் ஒவ்வொரு சொல்லும் எண்ணப்பட்டதாகும். ஆனால் பிறப்பிடம், வதிவிடம் என்ற அவ்விரு சொற்களுக்கிடையே உள்ள தூரம் நமது சமூகத்தின் நவீன வரலாற்றைப் பதிவுசெய்கின்றது. உத்தியோகம் தேடிச் சென்ற தூரமாகத் தொடங்கிய அது, 1980களின் பின் இடப்பெயர்வின் தூரமாகவும் புலப்பெயர்வின் தூரமாகவும் நீண்டது. திருகோணமலை மாவட்டத்தின் வடகரைக் கிராமங்களிலிருந்து மக்கள் பலமுறை பெயர்க்கப்பட்ட காலத்தில், அஞ்சலும் போக்குவரத்தும் தடைப்பட்ட வேளைகளில், உறவினரின் இறப்பை அறியும் வழியாக வானொலி இருந்தது. கலைஞரின் துணையின்றி, மக்களின் தேவையே ஆக்கிய இவ்வடிவத்தில்தான் தேசிய ஒலிபரப்பு உள்ளூரின் வானொலியாகச் சில நிமிடங்களேனும் மாறியது. ஊரவர் உயிரோடிருக்கையில் அவர்களைப் பேசவைக்காத சாதனம், இறந்த பின்னரே அவர்களின் முழுப்பெயரையும் ஊரையும் உறவையும் உலகறியக் கூறியது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

4

உள்ளூர் வானொலி என்பது இலங்கையில் ஒருபோதும் எண்ணப்படாத விடயமன்று. 1979இல் அநுராதபுரத்தில் ரஜரட்ட சேவையும், தொடர்ந்து மாத்தறையில் ருகுணு சேவையும் கண்டியில் கந்துரட்ட சேவையும் தோன்றின. 1981இல் யுனெஸ்கோ, டென்மார்க் ஆகியவற்றின் துணையோடு மகாவலி சமுதாய வானொலி தொடங்கியது. 1989இல் கொத்மலையில் சமுதாய வானொலி நிலையம் அமைந்தது. குடியேறிய விவசாயிகளின் குரலை ஒலிப்பதிவு செய்து அவர்களுக்கே ஒலிபரப்பிய மகாவலி முயற்சி பாராட்டத்தக்கது. ஆயினும் இவையனைத்தும் கூட்டுத்தாபனத்தின் கட்டமைப்புக்குள்ளேயே நின்றன. உரிமை மக்களிடம் கைமாறவில்லை. மேலும், இவை அமைந்த பிரதேசங்களையும் இவற்றின் முதன்மை மொழியையும் நோக்கின், பன்முகப்படுத்தல் என்பது எந்த எல்லைவரை சென்றது என்பது புலனாகும். அக்கட்டத்தில் கிழக்குக் கரையின் தமிழ்பேசும் மக்களுக்கு இத்தகைய சேவை ஒன்று உருவாகவில்லை. பின்னர் தோன்றிய யாழ் சேவை, பிறை முதலியன பண்பலைக் காலத்துக்குரியன.

1990களின் பிற்பகுதியிலிருந்து கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட தனியார் தமிழ்ப் பண்பலைகள் பரவின. இவற்றின் மொழி இளமையானது. நேயரோடு நெருங்கி உரையாடுவது. தொலைபேசி வழியாக ஊரவரின் குரல் நேரடியாக ஒலிபரப்பில் வந்தது முன்னேற்றமே. ஆயினும் இங்கே ஒரு முரண்பாடு அவதானிக்கத்தக்கது. தொழினுட்ப அடிப்படையில் பண்பலை குறுந்தூரச் சாதனம். பார்வைக் கோட்டுக்குட்பட்ட எல்லையையே அது பெரிதும் எட்டும். எனவே அதுவே இயல்பான உள்ளூர்ச் சாதனம். அதற்கு மாறாக, கொழும்பில் உருவான ஒரே நிகழ்ச்சியை மலையுச்சிப் பரப்பிகளினூடாக நாடெங்கும் ஒரே நேரத்தில் பரப்புவதற்கே அது பயன்படுத்தப்பட்டது. தூரம் செல்லவல்ல மத்திய அலையும் ஊருக்கு உரித்தாகவில்லை. ஊரளவே செல்லவல்ல பண்பலையும் ஊருக்கு உரித்தாகவில்லை. ஆகவே உள்ளூர்த்தன்மை என்பது அலையின் நீளத்தைப் பொறுத்ததன்று. ஒலிவாங்கி யார் கையிலுள்ளது என்பதையே பொறுத்தது என நாம் முடிவு செய்தல் வேண்டும்.

பொலிவியாவின் சுரங்கத் தொழிலாளர் வானொலிகள் இதற்குச் சிறந்த சான்றாகும். 1940களின் இறுதியிலிருந்து அந்நாட்டின் வெள்ளீயச் சுரங்கங்களில் தொழிற்சங்கங்கள் தொழிலாளரின் சம்பளத்திலிருந்து சேர்த்த பணத்தில் சிறிய நிலையங்களை அமைத்தன. உச்சக் காலத்தில் இவை இருபதுக்கும் மேற்பட்டிருந்தன. 1980 யூலையில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது இந்நிலையங்கள் ஒன்றோடொன்று இணைந்து செய்தியை அஞ்சல் செய்தன. படையினர் ஒவ்வொன்றாகக் கைப்பற்றும்வரை அச்சங்கிலி ஒலித்தது. அவ்வானொலிகளிற் பல பின்னர் மறைந்ததற்குத் தொழினுட்ப மாற்றம் காரணமன்று. 1985இல் வெள்ளீய விலை வீழ்ந்து, அரசு சுரங்கங்களை மூடித் தொழிலாளரை வெளியேற்றியதும் வானொலியைத் தாங்கிய சமூகம் சிதறியது, வானொலியும் ஓய்ந்தது. சாதனத்தின் ஆயுள் அதனைத் தாங்கும் சமூக உறவுகளின் ஆயுளே என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

நமக்கு அண்மையிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். 1960களில் திருச்சிராப்பள்ளி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகள் ஆடுதுறை 27 என்ற நெல்லினத்தைத் தஞ்சை உழவரிடையே பரப்பியதில், அந்நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்ற பெயர் வழங்கலாயிற்று. ஒரு மத்திய அலை நிலையம் தன் சுற்றுவட்டத்தின் வயலையும் பருவத்தையும் அறிந்து பேசும்போது அது உற்பத்தியின் ஒரு கருவியாகவே மாறுகின்றது. அங்கும் உரிமை அரசிடமே இருந்தது. விளைச்சலைப் பெருக்குவது அரசின் தேவையுமாயிருந்ததால் அக்குரல் உழவனின் வயலைத் தேடி வந்தது. அத்தகைய இசைவு நேராத இடங்களில் ஊர் காத்திருக்க வேண்டியதாயிற்று.

5

இவை வெறும் பண்பாட்டு இழப்புப் பற்றிய கவலைகள் எனச் சிலர் கருதலாம். 2004 டிசம்பர் 26ஆம் திகதியை நினைவுகூரின் அக்கருத்து நிற்காது. சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கியதற்கும் இலங்கையின் கிழக்குக் கரையை ஆழிப்பேரலை தாக்கியதற்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மணிநேரம் இருந்தது. நிலாவெளியும் குச்சவெளியும் அப்பேரழிவுக்குள்ளாகின. அந்த இரண்டு மணிநேரத்தில் எச்சரிக்கை கரைக்கு வந்து சேரவில்லை. இந்து சமுத்திரத்துக்கான எச்சரிக்கை ஒழுங்கு அப்போது இல்லாமையே அதற்கு முதற்காரணம் என்பது உண்மை. எனினும், எச்சரிக்கை ஒன்று வந்திருந்தாலும் அதனைக் கரையோரத்தவரின் மொழியில், அவர்கள் நம்பும் குரலில், அவ்வூரின் பாதைகளையும் மேட்டுநிலங்களையும் பெயர்சுட்டிக் கூறுவதற்கு ஊருக்கென ஒரு நிலையம் இருக்கவில்லை. ஆசியாவுக்குக் கேட்கும் கோபுரம் நின்ற அதே கரை இது.

அதன் பின்னர் 2005ஆம் ஆண்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டமும் எச்சரிக்கைக் கோபுரங்களும் கைத்தொலைபேசிச் செய்திகளும் வந்துள்ளன. அவற்றின் பயனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எச்சரிக்கைக் கோபுரம் அபாயத்தின்போது மட்டுமே பேசும். அன்றாடம் பேசிப் பழகாத குரலுக்கு அபாய வேளையில் நம்பிக்கை எளிதிற் கிட்டுவதில்லை. கைத்தொலைபேசி கரையை விட்டுச் சிறிது தூரம் சென்றதும் ஓய்ந்துவிடும். மேலும், அது தனிமனிதனை விளிக்கின்றது, ஊரை விளிப்பதில்லை. ஒரே செய்தியை ஒரே நேரத்தில் கேட்டோம் என்ற பொதுப் பிரக்ஞையை வானொலியே உருவாக்கியது.

மன்னார்க் கடலின் மறுகரையில், பாம்பனில், மீனவச் சமுதாயத்தைச் சார்ந்து 2016இல் தொடங்கிய 'கடல் ஓசை' இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. காற்றும் கடல் நிலையும் மீனின் விலையும் மீனவரின் பாடலும் அதன் நிகழ்ச்சிப் பொருள்கள். 2006இல் இந்தியாவின் சமுதாய வானொலிக் கொள்கை தன்னார்வ நிறுவனங்களுக்கும் வழிவிட்டமை இதனைச் சாத்தியமாக்கியது. இலங்கையிலோ சமுதாய வானொலிக்கெனத் தனி உரிமவகையை ஏற்படுத்த வேண்டுமென்ற கோரிக்கை நீண்டகாலமாக முன்வைக்கப்பட்டும் பெரும்பயன் விளையவில்லை. அலைவரிசை என்பது பொதுச் சொத்து. காடும் கடலும் பொதுச் சொத்தென வாதிடும் முற்போக்காளர், வான் அலையையும் அவ்வரிசையிற் சேர்த்தல் வேண்டும்.

எனினும் சமுதாயப் பண்பலையைக் கொண்டே எல்லாவற்றையும் நிறைவுசெய்துவிடலாம் என்று கொள்வதும் பொருந்தாது. சிறுவலுப் பண்பலையின் எல்லை கரையிலிருந்து சில மைல்களோடு முடிந்துவிடுகின்றது. பலநாட் படகிற் செல்வோருக்கு அது எட்டாது. உப்புநீரின் மேல் நெடுந்தூரம் செல்லும் மத்திய அலையின் இயல்பை, சிறிய வலுவிலேனும், கரையோரச் சமூகங்களுக்காகப் பயன்படுத்துவது குறித்து நமது பொறியியலாளரும் ஆராய்தல் வேண்டும். மின்செலவு மிகுந்தது, இரைச்சல் மிகுந்தது, புதிய கருவிகளில் வாங்கியில்லை என்பன மத்திய அலைக்கு எதிராகக் கூறப்படும் நியாயமான காரணங்கள். ஆனால் வர்த்தக இலாபத்துக்குப் பொருந்தாமையும் சமூகத் தேவைக்குப் பொருந்தாமையும் ஒன்றல்ல.

6

இறுதியாக, ஆய்வாளருக்குரிய பணியொன்றையும் சுட்டுதல் தகும். வானொலியின் நாடகங்களையும் உரைகளையும் திரட்டும் முயற்சிகள் ஆங்காங்கே நடைபெறுகின்றன. அவற்றோடு நேயர் கடிதங்களும் மரண அறிவித்தற் பிரதிகளும் பிரதேசச் செய்தியாளரின் குறிப்புகளும் சேர்க்கப்படல் வேண்டும். இலக்கியமெனக் கருதப்படாத இவ்வெழுத்துக்களிலேயே ஊர்கள் தம் பெயரோடு வாழ்கின்றன. குச்சவெளிக் கரையோரத்து முதியோரிடம் அவர்கள் எந்த வானொலியை, எந்த வேளையில், எவருடன் கூடியிருந்து கேட்டார்கள் என்று இன்றே கேட்டுப் பதிவுசெய்யாவிடின், ஒலிபரப்பின் வரலாறு ஒலிபரப்பியோரின் வரலாறாக மட்டுமே எஞ்சும்.

சிறு நிலையங்கள் மறைவதைக் கண்டு வருந்தும் உலகு, அவை இருந்த இடங்களைப் பற்றியே வருந்துகின்றது. அவை தோன்றவே இடமளிக்கப்படாத குச்சவெளி போன்ற கரைகளுக்கு இழந்ததை மீட்பது பற்றிய பேச்சு பொருந்தாது. அங்கு முதன்முறையாகப் பெறவேண்டியதே உள்ளது. மத்திய அலையின் மறைவைப் பற்றிய நமது விவாதம் அத்தேவையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.